யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர்? ஐரிஷ் நவீனத்துவக் கதைகளைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு

விடுதிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சின்னப் பையனிடம் இன்னொருவன் வந்து பெயரைக் கேட்கிறான். ஸ்டீபன் டெடலஸ் என்கிறான் இவன். "இதென்ன பேரு?" பதில் தெரியவில்லை. "உங்கப்பா யாரு?" கனவான் என்கிறான். "மாஜிஸ்திரேட்டா?"

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்' (1916) நாவலில் முதல் சில பக்கங்களிலேயே இந்த விசாரணை வந்துவிடுகிறது. அவசரமாக வாசிப்பவர்கள் பள்ளிக்கூடக் கிண்டல் என்று கடந்துபோவார்கள். கடக்கக் கூடாத இடம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் நாயகனின் பூர்வீகத்தை முதல் அத்தியாயத்திலேயே ஆசிரியர் வாயால் சொல்லி முடித்துவிடும்: இன்னார் மகன், இவ்வளவு நிலம், இந்த ஊர். அயர்லாந்தின் நவீனத்துவக்காரர்கள் அதைச் சொல்வதில்லை, கேட்க வைக்கிறார்கள். யாரோ ஒருவர் கேட்கிறார், நாயகன் திணறுகிறான், அந்தத் திணறலில் பாத்திரம் உருவாகிறது. அந்தத் திணறலைக் கண்டுபிடிக்கும் வழிமுறைதான் கீழே வருவது. முதுகலை மாணவர்களுக்கும் ஆகும், வாசகர் வட்டம் நடத்துபவர்களுக்கும் ஆகும்.

எதை, எந்த வரிசையில்

'யுலிசஸ்' நாவலில் தொடங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அதில்தான் தொடங்கி, மூன்றாம் அத்தியாயத்துக் கடற்கரையில் புத்தகத்தை மூடிவைக்கிறார்கள்.

'டப்ளினர்ஸ்' (1914) தொகுப்பின் 15 கதைகளில் கடைசியான 'தி டெட்' முதலில். நீளமான கதை, சுமார் 15,000 சொற்கள், இரண்டு மாலைகளில் முடியும். அடுத்து 'போர்ட்ரெய்ட்'. ஐந்து அத்தியாயங்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் வைத்தால் இரண்டு வாரம். பிறகு 'யுலிசஸ்' (1922). அதன் 18 அத்தியாயங்களில் 2, 6, 12, 17 ஆகிய நான்கு மட்டும் இப்போதைக்குப் போதும். குடும்பமும் தேசமும் மோதும் முக்கியமான இடங்கள் அந்த நான்கில் கிடைத்துவிடும். மூன்று நூல்களும் காப்புரிமை முடிந்தவை, ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. இதற்குப் பிறகு எலிசபெத் போவன், ஃப்ளான் ஓ'பிரையன், சாமுவேல் பெக்கெட்.

கையில் சிவப்பு, பச்சை என்று இரண்டு பென்சில்கள், ஏழெட்டு வெள்ளைத் தாள்கள். திரையில் வாசிப்பவர்கள் இரண்டு நிற ஹைலைட்டரை வைத்துக்கொள்ளலாம்.

வரலாறு: ஒரு துண்டுச்சீட்டு அளவு

அயர்லாந்து வரலாற்றை முழுதாகப் படித்துவிட்டு நாவலுக்கு வருகிறேன் என்று போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. சீட்டில் இவ்வளவு எழுதிப் புத்தகத்தில் செருகிக்கொள்ளுங்கள். 1801: டப்ளின் நாடாளுமன்றம் ஒழிந்து பிரிட்டனோடு இணைப்பு. 1845–49: உருளைக்கிழங்குப் பஞ்சம், சுமார் 10 லட்சம் பேர் சாவு, ஏறத்தாழ அதே அளவு பேர் கப்பலேறினார்கள். 1893: ஐரிஷ் மொழியை மீட்க கேலிக் லீக். 1916: ஈஸ்டர் எழுச்சி. 1922: ஐரிஷ் சுதந்திர அரசு.

இடையில் 1890–91ஐத் தடித்த எழுத்தில் போடுங்கள். சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல், புராட்டஸ்டன்ட் நிலக்கிழார், கத்தோலிக்க நாட்டின் சுயாட்சிப் போராட்டத்துக்குத் தலைவர். 1890 நவம்பரில் ஒரு விவாகரத்து வழக்கில் அவர் பெயர் வந்தது. ஆயர்கள் கைவிட்டார்கள், கட்சி பிளந்தது, 1891 அக்டோபர் 6 அன்று இறந்துபோனார். ஜாய்ஸுக்கு அப்போது ஒன்பது வயது.

கட்சி பிளந்தது என்று வரலாற்று நூல் சொல்லும் இடத்தில் நாவல் ஒரு சாப்பாட்டு மேசையைப் போடுகிறது. 'போர்ட்ரெய்ட்' முதல் அத்தியாயத்தின் கிறிஸ்துமஸ் விருந்து. பெரியவர்களோடு உட்கார ஸ்டீபனுக்கு அனுமதி கிடைத்த முதல் விருந்து அது. அப்பா சைமனும் அவர் நண்பர் கேசியும் பார்னெல் பக்கம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டான்ட்டே ஆயர்கள் பக்கம். டான்ட்டே தேசத்துரோகி என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டிஷ் அரசிக்கான வாழ்த்துப்பாட்டுக்குத் தொப்பியைக் கழற்றிய ஒருவரின் தலையில் குடையால் அடித்த அம்மாள் அவர். அவரிடம் இரண்டு பிரஷ்கள் இருந்தன: மெரூன் வெல்வெட் முதுகு வைத்தது நில உரிமைப் போராளி மைக்கேல் டேவிட்டுக்கு, பச்சை வெல்வெட் பார்னெலுக்கு. பிறகு ஒருநாள் பச்சை வெல்வெட்டைக் கத்தரிக்கோலால் கிழித்து எடுத்துவிடுகிறார். குழந்தைக்குத் தேசிய அரசியல் தெரியவந்த விதம் இதுதான், அலமாரியில் இருந்த பிரஷ் மொட்டையான விதம்.

ஐரிஷ்காரர் என்றால் கத்தோலிக்கர், கத்தோலிக்கர் என்றால் தேசியவாதி என்ற சமன்பாட்டோடு வருபவர்களுக்கு இந்த மேசை சரியான மருந்து. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர்கள், எல்லாரும் தேசியவாதிகள். வான்கோழி ஆறிப்போகிறது.

இரண்டு பென்சில்

குடும்பம் சம்பந்தப்பட்ட வரிக்குச் சிவப்புக் கோடு: பெற்றோர், வீடு, கடன், பிள்ளைகள், சாவு. நாடு சம்பந்தப்பட்டதற்குப் பச்சை: கட்சி, மொழி, சிலை, கொடி, இங்கிலாந்து, திருச்சபை அரசியல். இரண்டு நிறமும் ஒரே பத்தியில் விழுந்தால் அங்கே நின்றுவிடுங்கள்.

'போர்ட்ரெய்ட்' இரண்டாம் அத்தியாயத்தில் ஸ்டீபனுக்குத் தேர்வு, கட்டுரைப் பரிசாக 33 பவுண்ட் கிடைக்கிறது. பணத்தை எடுக்க அப்பாவும் பிள்ளையும் பேங்க் ஆஃப் அயர்லாந்துக்குள் போகிறார்கள். அம்மாவும் தம்பியும் உறவுக்காரப் பிள்ளையும் வெளியே தெருமுனையில் காற்றில் நிற்கிறார்கள். இதுவரை சிவப்பு. காசை வாங்கிய பிறகும் அப்பா கிளம்புவதாக இல்லை. மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, பழைய ஐரிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் நாம் நிற்கிறோம் என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைய நாடாளுமன்றக் கட்டடம்தான் அது. 1801 இணைப்புக்குப் பின் அந்தக் கட்டடம் வங்கியானது. இப்போது பச்சை.

சைமன் கார்க் நகரத்துச் சொத்தை ஏலத்தில் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார். ஏலத்துக்கான அந்தப் பயணத்தில் ஸ்டீபனும் கூடவே போயிருந்தான். கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் சொத்திழந்த மனிதர், நிற்கும் இடம் அதிகாரமிழந்த சபை, கையில் இருப்பதோ மகன் சம்பாதித்த காசு. இதை ஆசிரியர் எங்கும் விளக்குவதில்லை. அப்பா பேசுகிறார், பையன் வெளியே கூப்பிடுகிறான், அவ்வளவுதான்.

அந்தப் பணம் போன வழியையும் சிவப்பில் தொடருங்கள். நல்ல சாப்பாடு, நாடகம், வீட்டுக்குள்ளேயே கடன் கொடுக்க ஒரு வங்கி, படுக்கையறைக்கு இளஞ்சிவப்பு எனாமல் பெயின்ட். டப்பா தீர்ந்துபோய் மரப்பலகை பாதியில் நிற்கிறது. குடும்பத்தின் சரிவைத் தன் பரிசுப் பணத்தால் அணைகட்டித் தடுத்துவிடலாம் என்று நினைத்த பையனுக்கு மிஞ்சியது அந்த அரைகுறைப் பூச்சு. ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் கல்லூரிக்குக் கிளம்பும் காலை, சாப்பாட்டு மேசைமேல் அடகுச்சீட்டுகள் கிடக்கும். அப்பாவின் தொழில் என்ன என்று நண்பன் கிரான்லி கேட்கும்போது ஸ்டீபன் ஒரே மூச்சில் பட்டியல் போடுகிறான்: மருத்துவ மாணவர், படகோட்டி, பாடகர், நாடக ஆர்வலர், கூச்சல் அரசியல்காரர், குடிகாரர், யாருக்கோ செயலாளர், வரி வசூலிப்பவர், திவாலானவர், இப்போது தன் பழம்பெருமையைப் பாடுபவர். நான் சிலவற்றை விட்டுவிட்டேன், முழுப்பட்டியல் இதைவிட நீளம்.

படிவம் ஏ

1901 மார்ச் 31 இரவு அயர்லாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள், பெயர் 'படிவம் ஏ'. அந்த ஆண்டின் படிவங்களும் 1911ஆம் ஆண்டுப் படிவங்களும் அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. நாலைந்தைத் திறந்து பாருங்கள், அந்தக் காலத்து டப்ளின் வீடு எப்படி இருந்தது என்பது பிடிபடும்.

அதிலிருந்து ஆறு கட்டங்களை எடுத்து வெள்ளைத் தாளில் வரையுங்கள்: பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மதம், தொழில், பிறந்த இடம், ஐரிஷ் மொழி தெரியுமா. ஒரு நாயகனுக்கு ஒரு தாள். நாவல் சொல்லாததை நிரப்பாதீர்கள். ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து எடுத்து ஒட்டவே ஒட்டாதீர்கள். எந்தக் கட்டத்தில் ஒரு சொல்லால் பதில் எழுத முடியாமல் போகிறதோ, அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். அந்த நாவல் எதைப் பற்றியது என்று பெரும்பாலும் அந்த வட்டமே சொல்லிவிடும்.

'யுலிசஸ்' நாயகன் லியோபோல்ட் புளூமுக்கு நிரப்பிப் பார்க்கலாம். பெயர்: புளூம். ஆனால் அப்பா ருடோல்ஃப் பிறந்தபோது விராக். ஹங்கேரி மொழியில் பூ என்று பொருள். சட்டப்படி பத்திரம் எழுதி மாற்றிக்கொண்டார். பிறந்த இடம்: டப்ளின், இதில் சிக்கல் இல்லை. அப்பாவுக்கு என்றால் கட்டம் போதாது. சொம்பத்தே, வியன்னா, புடாபெஸ்ட், மிலான், லண்டன், டப்ளின் என்று 17ஆம் அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. மதம்: இங்கேதான் பென்சில் நிற்கும். அப்பா யூதராகப் பிறந்து 1865இல் புராட்டஸ்டன்டாக மாறியவர். அம்மா எலன் ஹிகின்ஸ், யூதப் பெயர் இல்லை. யூத மரபில் பிள்ளை தாய்வழி என்பதால் அந்தக் கணக்குப்படி புளூம் யூதர் ஆவது கடினம். மூன்று முறை ஞானஸ்நானம் பெற்றவர் வேறு: ஒருமுறை புராட்டஸ்டன்ட் கோயிலில், ஒருமுறை ஸ்வோர்ட்ஸ் கிராமத்துக் கைப்பம்புக்கு அடியில் மூன்று பேர் சேர்ந்து, ஒருமுறை திருமணத்தை ஒட்டி ராத்கார் கத்தோலிக்கக் கோயிலில். கடைசி ஞானஸ்நானத்தைக் கொடுத்த சார்ல்ஸ் மலோன் என்ற அதே பாதிரியார்தான், இந்த நாவலிலும் வரும் ஸ்டீபனுக்கும் அதே கோயிலில் கொடுத்தவர். தந்தையைத் தேடும் பிள்ளையும் பிள்ளையை இழந்த தந்தையும் என்று பேராசிரியர்கள் பெரிதாகப் பேசுவதை நாவல் இப்படி ஒரு கோயில் பதிவேட்டு வரியில் வைத்திருக்கிறது.

புளூம் வீட்டு மேசையில் இரண்டு இழுப்பறைகள். இரண்டாவதில் மகளின் காப்பீட்டுப் பத்திரத்தோடு, பெயர் மாற்ற அறிவிப்பு, அப்பாவும் தாத்தாவும் இருக்கும் மங்கிய படம், "என் அன்பு மகன் லியோபோல்டுக்கு" என்று அப்பா எழுதி வைத்துவிட்டுப் போன உறை. பூர்வீகம் முழுதும் ஓர் இழுப்பறைக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பக்கங்களை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள்.

அப்பா போன விதம் ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது. சவ ஊர்வல வண்டிக்குள் நான்கு பேர்: புளூம், பவர், கன்னிங்ஹம், ஸ்டீபனின் அப்பா சைமன். பேச்சு தற்கொலைப் பக்கம் திரும்புகிறது. குடும்பத்துக்கே பெரிய அவமானம் என்கிறார் பவர். கோழைத்தனம் என்று சொல்வார்கள் என்கிறார் சைமன். கன்னிங்ஹம் பேச்சை மடக்கப் பார்க்கிறார். புளூம் வாயைத் திறந்து மூடிக்கொள்கிறார். இறங்கிய பிறகுதான் கன்னிங்ஹம் பவரின் காதில் போடுகிறார்: அவருடைய அப்பா என்னிஸ் ஊர் குவீன்ஸ் ஹோட்டலில் விஷம் குடித்துச் செத்தவர். வாசகருக்கும் பவருக்கும் விஷயம் முழுதாக உறைப்பது ஒரே நேரத்தில். தகவலை எப்போது, யார் வாயால் வெளியிடுகிறார் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பூர்வீகம் இந்த நாவல்களில் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால்தான் பேசப்படுகிறது.

கேள்வியைப் பிடியுங்கள், கேட்டவரையும் பிடியுங்கள்

ஒவ்வொரு நூலிலும் ஒரு விசாரணைக் காட்சி இருக்கும். 'யுலிசஸ்' பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பார்னி கியர்னன் மதுக்கடையில் 'குடிமகன்' (சிட்டிசன்) என்று மட்டுமே பெயர் சொல்லப்படும் முரட்டு தேசியவாதி புளூமிடம் கேட்கிறார்: உன் தேசம் எது? "அயர்லாந்து. இங்கேதான் பிறந்தேன்" என்கிறார் புளூம். இதற்குச் சற்று முன்னால், தேசம் என்றால் என்ன என்று இன்னொருவர் மடக்க, ஒரே இடத்தில் வாழும் ஒரே மக்கள் என்கிறார். கடை சிரிக்கிறது. வெவ்வேறு இடங்களில் வாழ்பவர்களும்தான் என்று சேர்க்கிறார். விளக்கம் சொதப்பிவிட்டது, ஆனால் தன் அப்பாவின் ஆறு நகரங்களை மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் வேறு என்ன சொல்ல முடியும்?

காட்சியின் கடைசியில், கிறிஸ்துவும் என்னைப் போல யூதர்தான் என்று புளூம் வண்டியில் இருந்தபடியே கத்துகிறார், பின்னால் பிஸ்கட் டின் பறந்து வருகிறது. பலர் இங்கேயே முடிவெழுதிவிடுகிறார்கள். பதினாறாம் அத்தியாயத்தில் அதே சம்பவத்தை ஸ்டீபனிடம் சொல்லும்போது, "உண்மையில் நான் யூதர் இல்லை என்றாலும்" என்று சேர்த்துக்கொள்கிறார் புளூம். ஒரே இரவில் இரண்டு பதில். அடித்தவனிடம் ஒன்று, நண்பனாக நினைப்பவனிடம் ஒன்று. இரண்டையும் படிவத்தில் எழுதுங்கள், எதையும் அடிக்காதீர்கள்.

இனி, கேட்டவருக்கும் ஒரு படிவம் நிரப்புங்கள். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். தேசப்பற்றைப் பொழியும் குடிமகன் ஷானகோல்டன் பக்கம் தலைகாட்ட முடியாது, வெளியேற்றப்பட்ட குத்தகை விவசாயியின் நிலத்தை அபகரித்தவர் என்று அத்தியாயத்தின் கதைசொல்லி போகிற போக்கில் சொல்லிவிடுகிறான். நிலத்துக்காகவே நடந்த போராட்டத்தின் நாட்டில் இதைவிடக் கெட்ட பெயர் இல்லை. இரண்டாம் அத்தியாயத்துப் பள்ளி உரிமையாளர் டீசி, 1801 இணைப்புக்கு வாக்களித்த சர் ஜான் பிளாக்வுட்டின் வழிவந்தவன் என்று பெருமையடிக்கிறார். வரலாற்றில் பிளாக்வுட் இணைப்பை எதிர்த்தவர். மனிதருக்குத் தன் முன்னோரையே சரியாகத் தெரியவில்லை, ஆனால் யாரை நாட்டுக்குள் விடலாம் என்று ஸ்டீபனுக்குப் பாடம் எடுக்கிறார்.

'தி டெட்' கதையில் விசாரணை நடனத்தின் நடுவே வருகிறது. கேப்ரியல் கான்ராய் ஆங்கிலச் சார்புள்ள 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் புத்தக மதிப்புரை எழுதுபவர். சக ஆசிரியை மிஸ் ஐவர்ஸ் அவரை 'மேற்கு பிரிட்டன்காரர்' என்று சீண்டுகிறார். அயர்லாந்தின் மேற்கே அரன் தீவுகளுக்கு வாருங்களேன், உங்கள் மனைவி கானக்ட் பக்கத்துக்காரர்தானே? "அவளுடைய ஆட்கள்" என்று வெட்டினாற்போல் சொல்கிறார் கேப்ரியல். இந்த இரண்டு சொற்களுக்குச் சிவப்பும் பச்சையும் சேர்த்துப் போடுங்கள். மனைவியை அவள் ஊரிலிருந்தே பெயர்த்தெடுக்கிற பதில். கேப்ரியலின் அம்மாவும் முன்பு மருமகள் கிரெட்டாவை நாட்டுப்புறச் சாமர்த்தியக்காரி என்று சொன்னவர்தான். அன்றிரவு ஹோட்டல் அறையில், கால்வே ஊரின் மைக்கேல் ஃபியூரி என்ற பையனைப் பற்றிக் கிரெட்டா அழுதுகொண்டே சொல்லும்போது, கேப்ரியல் மறுத்த மேற்கு முழுதும் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது.

அதே கதையில் கேப்ரியல் விருந்தில் சொல்லும் தாத்தா கதையையும் விட்டுவிடாதீர்கள். தாத்தாவின் குதிரை ஜானி ஆலையில் செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றிப் பழகியது. ஒருநாள் ஜோராக வண்டியில் பூட்டி நகரத்துக்குப் போனால், மன்னர் மூன்றாம் வில்லியமின் சிலையைக் கண்டதும் அதைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. வில்லியம் கத்தோலிக்க அயர்லாந்தைத் தோற்கடித்த மன்னர். சபையே சிரிக்கிறது. கேப்ரியலும் நடித்துக்காட்டிச் சுற்றுகிறார்.

மொழிக் கட்டம்

ஐரிஷ் மொழி தெரியுமா என்ற கட்டத்தில் ஸ்டீபனுக்குத் தெரியாது என்று எழுதிவிடலாம். கேலிக் லீக் வகுப்பில் முதல் பாடத்தோடு நின்றுவிட்டவன். சிக்கல் ஆங்கிலத்தில் இருக்கிறது. 'போர்ட்ரெய்ட்' ஐந்தாம் அத்தியாயத்தில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் புனலை ஸ்டீபன் 'டன்டிஷ்' என்கிறான். கல்லூரி டீன் ஆங்கிலேயர், கத்தோலிக்கத்துக்கு மதம் மாறி வந்தவர், அப்படி ஒரு சொல்லைக் கேட்டதே இல்லை என்கிறார். நாம் பேசும் மொழி எனக்கு முன்பே இவருடையதாக இருந்தது என்று ஸ்டீபன் குமைகிறான். தேர்வுத்தாள்களில் எல்லாரும் மேற்கோள் காட்டும் இடம் இது, எல்லாரும் இங்கேயே நிறுத்திவிடும் இடமும் இதுதான். நாவலின் கடைசியில் ஏப்ரல் 13 தேதியிட்ட நாட்குறிப்பு வரைக்கும் போங்கள். ஸ்டீபன் அகராதியைப் பார்த்துவிட்டான். டன்டிஷ் அசல் பழைய ஆங்கிலச் சொல். டீனுக்குத்தான் அவர் மொழி தெரியவில்லை.

ஆசிரியரை ஒட்டவைக்கும் பழக்கம்

ஜாய்ஸின் அப்பாவும் கார்க் சொத்தை இழந்தவர், வரி வசூல் வேலை பார்த்தவர், பார்னெல் பக்தர். ஜாய்ஸும் 1888 முதல், ஸ்டீபன் படித்த அதே விடுதிப் பள்ளியான கிளாங்கோஸ் வுட்டில் படித்தவர். ஆகவே ஸ்டீபன்தான் ஜாய்ஸ் என்று முடிப்பதற்கு முன் ஒரே ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். ஜாய்ஸுக்கு ஸ்டானிஸ்லாஸ் என்று நெருக்கமான தம்பி. 'ஸ்டீபன் ஹீரோ' என்ற முந்தைய வரைவில் நாயகனின் தம்பி மாரிஸுக்கு நிறைய இடம் உண்டு. 'போர்ட்ரெய்ட்' நாவலில் அவனை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டார். நாயகன் தனியாளாக நிற்க வேண்டும் என்பதற்காக வீட்டிலிருந்து ஒருவரைக் கழித்திருக்கிறார். வாழ்க்கை வரலாறு இதற்குத்தான் பயன்படும்: என்ன எடுத்தார் என்பதைவிட எதை விட்டார் என்று பார்க்க.

சேர்த்ததையும் பார்க்கலாம். டெடலஸ் என்று ஐரிஷ் குடும்பப் பெயர் இல்லை, அது கிரேக்கத் தொன்மத்துச் சிற்பியின் பெயர். "இதென்ன பேரு?" என்ற பள்ளிக்கூடக் கேள்விக்குப் பதில் நாவலின் கடைசி வரியில் வருகிறது. அங்கே ஸ்டீபன் "தந்தையே" என்று கூப்பிடுவது சைமனை இல்லை.

எதிர் வீடு

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் கத்தோலிக்க டப்ளின். நிலக்கிழார்களின் பெரிய மாளிகையிலிருந்து பார்க்க எலிசபெத் போவனின் 'தி லாஸ்ட் செப்டம்பர்' (1929). 1920, விடுதலைப் போர், கார்க் பக்கத்தில் டேனியல்ஸ்டவுன் மாளிகை. லாய்ஸ் பெற்றோர் இல்லாத பெண், மாமா வீட்டில் வளர்கிறாள். உறவுக் கட்டத்தில் உடன்பிறந்தாளின் மகள் என்று எழுதலாம், ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு வேலையும் இல்லை, உரிமையும் இல்லை. ஆங்கிலோ-ஐரிஷ் வர்க்கத்துக்கு அந்த நாட்டில் இருந்த நிலையும் அதுதான். இங்கே விசாரிப்பவர் அத்தை லேடி நெய்லர். லாய்ஸைக் காதலிக்கும் ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஜெரால்டின் ஊர் சர்ரி. சர்ரி என்று சொன்னால் ஆளைப் பற்றி ஒன்றுமே தெரியாதே என்று அலுத்துக்கொள்கிறார் அத்தை. தங்களைக் காக்க வந்த படையைச் சேர்ந்தவனிடமே பூர்வீகம் போதவில்லை என்கிறது, இன்னும் சில மாதத்தில் எரியப்போகிற வீடு.

ஃப்ளான் ஓ'பிரையன் வேறு ரகம். 1941இல் ஐரிஷ் மொழியிலேயே எழுதிய 'அன் பேல் பொக்ட்' நாவலில் போனபார்ட் என்ற பையனின் முதல் பள்ளி நாள். ஆசிரியர் ஆங்கிலத்தில் பெயரைக் கேட்கிறார். பையன் எழுந்து, இன்னாரின் மகன் இன்னார், அவருடைய மகன் என்று ஊர் வழக்கப்படி வம்சாவளியை ஒப்பிக்கத் தொடங்குகிறான். பாதியில் துடுப்புக்கட்டை மண்டையில் இறங்குகிறது. உன் பெயர் ஜாம்ஸ் ஓ'டானல் என்கிறார் ஆசிரியர். அடுத்த பையன், அடி, அவனும் ஜாம்ஸ் ஓ'டானல். வகுப்பு முழுக்க அதே பெயர். ஐரிஷ் தெரியாதவர்கள் 1973இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கலாம். கிளாங்கோஸ் வுட் விசாரணையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசலாம்.

எழுத உட்காரும்போது

"புளூம் யூதர் என்பதால் டப்ளினில் அந்நியராக உணர்கிறார்." மாணவர் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம். படிவத்தைப் பார்த்தால் முதல் பாதியே நிற்காது. யார் கேட்டார், என்ன பதில், பதில் எங்கே இடறியது, கேட்டவர் யார் என்ற நான்கையும் ஒரு பத்திக்குள் கொண்டுவாருங்கள். உதாரணமாக: "டப்ளினில் பிறந்தவன் என்ற புளூமின் பதிலை, அடுத்தவன் நிலத்தில் உட்கார்ந்தவர் ஏற்க மறுக்கிறார்." கோட்பாட்டு நூல்களின் பெயர்களை அதற்குப் பிறகு அடுக்கிக்கொள்ளலாம், இல்லாமலும் விடலாம். ஒரு காட்சிக்கு ஒரு பத்தி, மூன்று காட்சிக்கு மேல் ஒரு கட்டுரையில் வேண்டாம்.

கடைசித் தாள்

பெக்கெட்டை இறுதியில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 'மொலாய்' 1951இல் பிரெஞ்சில் வந்தது, 1955இல் ஆங்கிலத்தில். பெக்கெட் டப்ளினுக்கு அருகே ஃபாக்ஸ்ராக்கில் 1906இல் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவர். நாவலில் அயர்லாந்து என்ற சொல்லைத் தேடாதீர்கள், 'பாலி' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களைத் தேடுங்கள். பச்சைப் பென்சிலுக்கு அவ்வளவுதான் வேலை. சிவப்புக்கு அம்மா மட்டும் இருக்கிறாள். காது கேட்காத அம்மாவின் தலையில் தட்டித்தான் மொலாய் பேசுவான்: ஒரு தட்டு ஆம், இரண்டு இல்லை, மூன்று தெரியாது, நான்கு பணம், ஐந்து போய்வருகிறேன்.

போலீஸ்காரர் மறித்துக் காகிதங்களைக் கேட்கிறார். மொலாயிடம் இருக்கும் காகிதம் துடைத்துக்கொள்ள வைத்திருக்கும் செய்தித்தாள் துண்டு மட்டும். அதையே நீட்டுகிறான். காவல் நிலையத்தில் பெயரைக் கேட்கிறார்கள். வெகுநேரம் கழித்து நினைவுக்கு வந்து, மொலாய், என் பெயர் மொலாய் என்று கத்துகிறான். படிவத்தில் முதல் கட்டம் நிரம்பிவிட்டது. உன் அம்மாவின் பெயரும் மொலாய்தானா என்கிறார் சார்ஜென்ட். யோசிக்க விடுங்கள் என்கிறான். யோசிக்கிறான். அவள் பெயரும் மொலாயாகத்தான் இருக்க வேண்டும் என்கிறான்.